ஐந்து கோபுரங்களின் நகரம்: ஹால்லேயில் ஒரு பண்பாட்டுச் சுற்றுலா



கல்விச் சுற்றுலா என்றவுடன் மாணவர் கையில் ஒரு பயிற்சித்தாளைக் கொடுத்து, பார்த்தவற்றைப் பட்டியலிடச் சொல்வது நம் வழக்கம். அடியேனும் பல ஆண்டுகள் அதையே செய்து வந்தேன். கிழக்கு ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஹால்லே நகரை வழிகாட்டி ஒருவருடன் நடந்து பார்த்த பிறகே, அத்தகைய பட்டியலில் வரலாற்றின் ஒரு பாதி விடுபட்டுப் போவதை உணர்ந்தேன். ஒரு நகரில் இருப்பவை மட்டுமல்ல, இல்லாமற்போனவையும் பாடம் சொல்கின்றன.

எங்கள் நடை சந்தைச் சதுக்கத்தில் தொடங்கியது. ஹால்லேக்கு 'ஐந்து கோபுரங்களின் நகரம்' என்றொரு பெயர் உண்டு. அவற்றுள் நான்கு கோபுரங்கள் சந்தைத் தேவாலயத்திற்கு உரியவை. ஒரே கோயிலுக்கு இரு முனைகளிலும் இரண்டிரண்டு கோபுரங்கள் ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பே. முற்காலத்தில் அவ்விடத்தில் இரண்டு தேவாலயங்கள் அருகருகே இருந்தன. ஒன்று உப்புக் காய்ச்சுவோருக்கு உரியது. மற்றொன்று வணிகர்களுக்கு உரியது. 1529ஆம் ஆண்டு தொடங்கி இரண்டின் உடற்பகுதிகளும் இடிக்கப்பட்டன. கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, அவற்றிற்கு இடையே ஒரு பெருமண்டபத்தை எழுப்பி 1554ஆம் ஆண்டில் முடித்தனர்.

இதைத் தொடங்கி வைத்தவர் கார்டினல் ஆல்பிரெக்ட். இவர் பெயரால் நடந்த பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையே 1517ஆம் ஆண்டு மார்ட்டின் லூதரை எதிர்ப்புக் குரல் எழுப்ப வைத்தது. கத்தோலிக்க சமயத்தின் பெருமையைக் காட்ட நினைத்த ஆல்பிரெக்ட், 1541ஆம் ஆண்டில் நகரை விட்டே நீங்கினார். பணி முடியுமுன்னரே அக்கோயில் சீர்திருத்தச் சபையின் வசமாயிற்று. லூதரே அங்கு வந்து சமயவுரை ஆற்றினார். 1546ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் எடுக்கப்பட்ட முகவார்ப்பு இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது. கட்டத் தொடங்கியவரின் எண்ணம் ஒன்று; காலம் எழுதிய முடிவு வேறொன்று! இசைமேதை ஹாண்டல் 1685ஆம் ஆண்டில் திருமுழுக்குப் பெற்றதும் இதே கோயிலில்தான்.

ஐந்தாவது, சதுக்கத்தில் தனித்து நிற்கும் செங்கோபுரம். ஏறத்தாழ 84 மீட்டர் உயரமுடைய இம்மணிக்கோபுரத்தின் பணி 1418ஆம் ஆண்டில் தொடங்கி 1506ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 1945ஆம் ஆண்டு ஏப்ரலில், போரின் இறுதி நாள்களில், பீரங்கித் தாக்குதலில் அதன் உச்சி எரிந்து வீழ்ந்தது. இன்று நாம் காணும் உச்சி 1970களில் மீண்டும் அமைக்கப்பட்டது.

அடுத்து மோரிட்ஸ்பர்க் கோட்டைக்குச் சென்றோம். 1484ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய இக்கோட்டை, முப்பதாண்டுப் போரின்போது 1637ஆம் ஆண்டில் எரிந்தது. அதன் ஒரு பகுதி நூற்றாண்டுகளாகக் கூரையின்றியே நின்றது. கோட்டையில் செயற்பட்ட கலைக்கூடத்தை விரிவாக்க முனைந்தபோது, ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் அந்த இடிபாடுகளை மறைக்கவில்லை; பழையதுபோல் நடித்துப் பூசவுமில்லை. பழஞ்சுவர்களின்மேல் அலுமினியத்தாலான புதிய கூரையை அமைத்தனர். 2008ஆம் ஆண்டு அப்பகுதி திறக்கப்பட்டது. எது பழையது, எது புதியது என்பது ஒரு சிறுவனுக்குக்கூட விளங்கும். மூத்தோர் விட்டுச் சென்றதைப் போற்றும் நேர்மையான முறை இதுவே எனத் தோன்றியது.

இக்கோட்டையின் வாயிற்கோபுரத்தில்தான் ஓவியர் லயோனல் ஃபைனிங்கர் தங்கி வரைந்தார். 1929 முதல் 1931 வரை அவர் ஹால்லேயின் கோபுரங்களையும் தெருக்களையும் 11 ஓவியங்களாகத் தீட்டினார். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் ஒளியும் கல்லும் கலந்து நிற்கும் ஓவியங்கள் அவை. நகரமும் அவற்றைப் பெருமையுடன் வாங்கிக்கொண்டது. ஆனால் 1937ஆம் ஆண்டு நாட்சி ஆட்சியினர் அவற்றைச் 'சீரழிந்த கலை' என முத்திரை குத்திப் பறிமுதல் செய்தனர். ஃபைனிங்கர் அதே ஆண்டில், தாம் பிறந்த அமெரிக்காவுக்கே திரும்பினார். அந்த 11 ஓவியங்களுள் மூன்று மட்டுமே மோரிட்ஸ்பர்க்குக்கு மீண்டு வந்துள்ளன. அம்மூன்றின் முன் நின்றபோது, திரும்பி வராத எட்டும்தான் என் மனத்தை நிறைத்தன.

நடையின் இறுதி இடம் ஃபிராங்கே அறநிலையம். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்னும் சமய குரு, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1698ஆம் ஆண்டில் இங்கு இல்லம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். நாளடைவில் பள்ளிகள், நூலகம், அச்சகம், மருந்தகம் என அது ஒரு சிறு நகராகவே வளர்ந்தது. மரச்சட்டங்களால் பின்னப்பட்ட நெடிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன.

தமிழராகிய நமக்கு இவ்விடத்தில் தனி உறவு உண்டு. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, ஹால்லேயில் பயின்றவர். அவருடைய வேண்டுகோளின்படி இந்நகரில் தமிழ் எழுத்துகள் ஈயத்தில் வார்க்கப்பட்டு, 1713ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை அடைந்தன. தமிழ் அச்சேறியது அதற்கும் முன்பே, 16ஆம் நூற்றாண்டில்தான். எனினும் தமிழ் மண்ணை மிதித்தறியாத கைகள் அகரத்தையும் ககரத்தையும் செதுக்கிய செய்தி நெஞ்சை நெகிழச் செய்தது. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716ஆம் ஆண்டு இங்கேயே அச்சாயிற்று. தமிழ் ஓலைச்சுவடிகளும் இங்குப் பேணப்படுகின்றன.

ஆனால் பேணுதல் மட்டும் போதுமா? தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713ஆம் ஆண்டில் எழுதியனுப்பிய நூலை ஹால்லே அச்சிட மறுத்தது. 1867ஆம் ஆண்டில்தான் அது சென்னையில் அச்சேறியது. கட்டடங்களுக்கும் அந்நிலை நேர்ந்தது. கிழக்கு ஜெர்மனி ஆட்சிக் காலத்தில் அறநிலையத்தின் பல கட்டடங்கள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. 1990க்குப் பின்னரே அவை ஒவ்வொன்றாகச் சீரமைக்கப்பட்டன.

ஆகவே ஒரு நகரத்தின் கலைச்செல்வம் தானாக எஞ்சுவதன்று. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் 'இதைக் காப்போம்' என்று முடிவெடுக்கின்றனர். வேறு சிலர் 'இது வேண்டாம்' என்று தள்ளுகின்றனர். அவ்விரு முடிவுகளின் கூட்டுத்தொகையே நம் கண்முன் நிற்கும் நகரம்.

அடுத்த முறை பிள்ளைகளை ஒரு கோயிலுக்கோ, அரும்பொருளகத்துக்கோ அழைத்துச் செல்லும்போது பட்டியலோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கொடுங்கள். இதைக் காத்தவர் யார்? இங்கே இருந்து, இன்று இல்லாதது எது? அஃது ஏன் இல்லை? விடை உடனே கிடைக்காமற் போகலாம். கேட்கப் பழகிய பிள்ளை, தன் காலத்தில் காக்க வேண்டியதைத் தானே அறிந்துகொள்ளும்.