விளையாட்டு வீரர்களை வாட்டும் மன அழுத்தம்: காரணம் என்ன? உதவி எங்கே?

இந்திய அணியின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகர், 2019 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தற்கொலை செய்துகொண்டார். வயது 57. 1988 இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்தவர். டிஎன்பிஎல் அணி ஒன்றை நடத்திவந்த அவருக்குக் கடன் நெருக்கடி இருந்ததாக போலீசார் அப்போது கூறினர். ஆனால், எந்தத் தற்கொலைக்கும் காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்லிவிட முடியாது.

என்ன அழுத்தம்?
ஃபார்ம் போனாலோ காயம் பட்டாலோ அணியில் இடம் போகும்; கூடவே வருமானமும் போகும். ஓய்வுக்குப் பின் கைதட்டலும் நின்றுவிடும். 'ஆம்பள அழலாமா?' என்ற பேச்சு வாயைக் கட்டிவிடும்.

மீண்டு வர முடியுமா?
முடியும். 2009 முதல் 2011 வரை தற்கொலை எண்ணம் துரத்தியதாக ராபின் உத்தப்பா 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார். உதவி கேட்டு மீண்ட அவர், 2014 ஐபிஎல்-லில் 660 ரன்னுடன் முதலிடம் பிடித்தார்.

எதைக் கவனிக்கணும்?
தூக்கம் கெடுவது, பிராக்டிஸுக்கு வராமல் ஒதுங்குவது, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

யாரை அழைப்பது?
ரிஷிவந்தியத்தில் கபடி ஆடும் பையனானாலும் சரி, சென்னையில் ரஞ்சி வீரரானாலும் சரி, 14416 (டெலி மானஸ்) அல்லது 104. இரண்டும் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.