என்ஜினை விடுங்க, பின்னணியைப் பாருங்க: பழைய ரயில் படங்களில் நம்ம ஊர்

இந்த எபிசோட் பழைய கறுப்பு-வெள்ளை ரயில் படங்களைப் பத்தி. இதைத் தேடித் தேடிச் சேர்க்கிறவங்க உலகம் பூரா இருக்காங்க. அவங்கள்ல நிறைய பேர் முதல்ல பார்க்கிறது என்ஜினைத்தான். எனக்கு அதுக்குப் பின்னாடி தெரியறதுதான் முக்கியம்.

நான் அணைக்கட்டுக்காரன். எங்க ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆனா வடக்கே காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடின்னு அகலப்பாதை போகுது. கிழக்கே வேலூர், கணியம்பாடி வழியா விழுப்புரம் பாதை. 1856 ஜூலை 1-ல தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தது நம்ம வாலாஜா ரோடுக்குத்தான். விழுப்புரம் பாதை 1891-ல் வந்த மீட்டர்கேஜ். 2010 வாக்கில் அதுவும் அகலப்பாதை ஆயிடுச்சு. அந்தப் பழைய மீட்டர்கேஜை இனி படத்துல மட்டும்தான் பார்க்க முடியும்.

அந்தப் படங்களை யார் எடுத்தாங்க? முதல்ல, என்ஜின் தயாரிச்ச கம்பெனிகள். பளபளக்கிற கறுப்பு பெயின்ட்ல நுணுக்கம் தெரியாதுன்னு, போட்டோவுக்காகவே என்ஜினுக்கு மங்கலான சாம்பல் நிறம் அடிப்பாங்க. நெகட்டிவ்ல பின்னணியையும் மறைச்சிடுவாங்க. இன்னிக்கு ஏ.ஐ. அதுக்கு ஏதோ ஒரு கலர் போட்டுக் கொடுத்தா, அது வெறும் யூகம்.

அடுத்து, வெளிநாட்டு ரசிகர்கள். பிரிட்டனில் 1968 ஆகஸ்ட்ல நீராவி ரயில் முடிஞ்சது. அதுக்கப்புறம் அங்கிருந்து பலர் கேமராவோட இந்தியா வந்தாங்க. அப்போ இங்கே ரயில்வே இடத்துல படம் எடுக்க அனுமதி வேண்டியிருந்தது, ஃபிலிமும் விலை அதிகமா இருந்தது. அதனால நம்ம ஆட்கள் எடுத்தது குறைவு.

என்ஜின் வரலாறு ஓரளவு பத்திரமா இருக்கு. ஹியூ ஹியூஸ் 1990 முதல் 1996 வரை நாலு தொகுதிகளா இந்திய என்ஜின்களைப் பட்டியல் போட்டுட்டார். ஆனா ஆம்பூர் கூட்ஸ் ஷெட்டில் தோல் கட்டு தூக்கினவர் எந்தப் பட்டியல்லயும் இல்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட இந்தப் பக்கத்துத் தோல் ரயிலேறி சென்னைத் துறைமுகம் போச்சு. அங்கிருந்து கப்பலில் லண்டன். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸ் ஆனதும் சென்னை மாகாணத்துத் தோல்தான். அந்த உழைப்பு படத்துல எங்கேயாவது இருந்தா, ஓரத்துலதான் இருக்கும். அதனால ஓரத்தை வெட்டாதீங்க.

காலத்தைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கு. காட்பாடி–ஜோலார்பேட்டை அகலப்பாதை 1908 முதல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே கையில் இருந்தது. விழுப்புரம் மீட்டர்கேஜ், சவுத் இந்தியன் ரயில்வே. 1951 ஏப்ரல் 14-ல் ரெண்டும் தெற்கு ரயில்வேயில இணைஞ்சது. பெட்டியிலோ என்ஜினிலோ பழைய கம்பெனி எழுத்து இருந்தா, படம் பெரும்பாலும் அதுக்கு முந்தினது. நிலையப் பலகையில் இந்தி இருந்தா, சுதந்திரத்துக்குப் பிந்தினதா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் விட உறுதியான சாட்சி, பிரிண்டோட பின்பக்கம். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சில்ல எழுதின பேர். என் தொழில்ல இதை மெட்டாடேட்டான்னு சொல்லுவோம். முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்ல போட்டா, தரமும் போச்சு, விவரமும் போச்சு. பத்தாவது ஃபார்வேர்டுல காட்பாடி, கரக்பூர் ஆயிடும்.

அதனால ரெண்டு பக்கமும் 600 டி.பி.ஐ.-ல் ஸ்கேன் பண்ணுங்க. டாக்குமென்ட்டா அனுப்புங்க. பசை ஆல்பத்துல ஒட்டாதீங்க. பின்னாடி எழுதணும்னா மென்மையான பென்சில்ல, ஓரமா, அழுத்தாம எழுதுங்க. இன்னொண்ணு: பிரிண்ட் உங்ககிட்ட இருக்குங்கறதால காப்புரிமையும் உங்களுதுன்னு ஆகாது. எடுத்தவர் பேரைப் போடுங்க, முடிஞ்சா அனுமதி கேளுங்க.

மூணாவது வகைப் படம் நம்ம வீடுகள்லயே இருக்கு. ரயில்வேல வேலை பார்த்த தாத்தா ஓய்வு பெற்ற அன்னிக்கு எடுத்த குரூப் போட்டோ. கழுத்துல மாலை, பக்கத்துல ஃபயர்மேன், கேங்மேன், போர்ட்டர். நடுவில் நிக்கிற அதிகாரியோட பேர் ஏதாவது ஒரு ஆவணத்துல கிடைச்சிடும். கடைசி வரிசையில நிக்கிறவர் பேர், இன்னிக்கு எண்பது வயசைத் தாண்டின யாரோ ஒருத்தர் ஞாபகத்துல மட்டும் இருக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை அவர் பக்கத்துல போய் உட்காருங்க. ஒவ்வொரு முகமா விரல் வெச்சு, "இது யாரு தாத்தா?"ன்னு கேளுங்க. சொல்றதை எழுதி வெச்சுக்கோங்க.