ஜூலும் பீர்த் தொட்டியும்



தலைப்பைப் பார்த்துவிட்டு "சாருக்கு என்ன ஆச்சு?" என்று போன் செய்ய வேண்டாம். நான் குடித்ததில்லை, யாரையும் குடிக்கச் சொல்லவும் மாட்டேன். 'ஆற்றலின் அலகு ஜூல்' என்று எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்! அந்த மனிதர் பீர் ஆலை வீட்டுப் பிள்ளை. அந்தத் தொழிலின் பெரிய தலைவலியே வெப்பம்தான்.

மால்ட் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது, தொட்டி தானாகவே சூடாகும். ஒரு கிலோ சர்க்கரை நொதித்தால் சுமார் 580 கிலோஜூல் வெப்பம் வரும். சாதாரண பீரில் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை நொதிப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் வெளியே போகாவிட்டால் 11 டிகிரி ஏறும். கடுமையான பீரில் சர்க்கரை இரட்டிப்பு என்றால் ஏற்றமும் 22 டிகிரி. 18 டிகிரியில் தொடங்கியது 40ஐத் தொடும். அதற்குள் ஈஸ்ட் தளர்ந்துவிடும், பீரும் தொண்டையை எரிக்கும் வாடையோடு கெட்டுவிடும். சின்னப் பானை தானே ஆறும். பெரிய தொட்டிக்குக் கொள்ளளவை ஒப்பிட்டால் பரப்பு குறைவு, சூடு உள்ளேயே தங்கும்.

வெப்பமானி இல்லாத காலத்தில் இதைச் சமாளித்தது நாட்காட்டிதான். பவேரியாவில் 1553இல் ஒரு சட்டமே வந்தது: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடைக்கான பீரை மார்ச்சிலேயே சற்றுக் கடுமையாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்தார்கள். இங்கிலாந்தின் பெரிய கிராமத்து வீடுகளில் தங்கள் தேவைக்கான கடும் பீரை அக்டோபரில் காய்ச்சினார்கள். ஈஸ்ட் ஓர் உயிர் என்பதே அன்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமலே காலத்தைச் சரியாகக் கணித்தார்கள்.

அடுத்து அளவு வந்தது. 1762இல் மைக்கேல் கோம்ப்ரூன் என்ற லண்டன் பீர் தயாரிப்பாளர் தம் நூலில் வெப்பமானியைக் கொண்டு தொழில் செய்வதை விளக்கினார். கையை விட்டுச் சூடு பார்த்த இடத்தில் எண் வந்தது.

இந்தச் சூழலில்தான் 1818இல் சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஜூல் பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. சிறுவயதில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஜான் டால்டன், அணுக்கொள்கை தந்த அதே டால்டன். நீரில் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, வேலை எவ்வளவு வெப்பமாகிறது என்று அளந்தார் ஜூல். ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க, ஒரு பவுண்டு எடை 772 அடி விழ வேண்டும் என்று 1850இல் அறிவித்தார். அவ்வளவு வேலைக்கு அவ்வளவு சிறிய ஏற்றம்! ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைப் படிக்க முடியும் என்றார். 1843இல் கார்க் நகரக் கூட்டத்தில் தம் முடிவுகளைச் சொன்னபோது அறிஞர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பீர் ஆலையில் வெப்பமானியோடு பழகிய கைக்குத்தான் அந்த நுட்பம் வந்தது என்று பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.

கடைசியில் இயந்திரம் வந்தது. 1870களில் கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் உருவாக்கிய குளிர்பதன இயந்திரத்துக்கு முதலில் இடம் கொடுத்தது மியூனிக்கின் ஸ்பாட்டன் பீர் ஆலை. அதன்பின் கோடையிலும் பீர் காய்ச்ச முடிந்தது. அதே குளிர்பதனத் தொழில்நுட்பத்தின் வழியில்தான் இன்று தடுப்பூசி கெடாமல் ஊர் ஊராகப் போகிறது.

தொழில் செய்யும் கையை 'படிக்காதவன் கை' என்று யாராவது ஒதுக்கினால், உங்கள் பிள்ளைகளிடம் ஜூலின் கதையைச் சொல்லுங்கள். தொட்டியருகே நின்றவர்கள் கேட்ட கேள்விதான் நம் பாடப்புத்தகத்துக்குள் வந்திருக்கிறது.

பழைய மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: மேலே சொன்ன 11 டிகிரி எப்படி வந்தது? நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனை வைத்துக் கணக்குப் போட்டுக் கீழே எழுதுங்கள். வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு.