தப்புத் தப்பாக நகலெடுக்கும் நொதி

1986-ல் எய்ட்ஸ் இந்தியாவுக்கு வராது என்றுதான் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், அதையே தன் மாணவி நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. சிலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது! இந்தியாவில் அந்த வைரஸ் முதலில் தெரியவந்தது இப்படித்தான்.

சரி, மருந்து? அங்கேதான் சிக்கல். எச்.ஐ.வி. நம் செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக நகலெடுக்கும். இந்த வேலையைச் செய்வது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி. இந்த வகை நொதியை 1970-ல் வேறு வைரஸ்களில் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்து, 1975-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நம் செல்லில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் முக்கிய நொதிகள், பேரேட்டில் பதிந்ததும் சரிபார்க்கும் கணக்குப்பிள்ளை மாதிரி. தப்பு வந்தால் அங்கேயே திருத்திவிடும். வைரஸின் நொதிக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வைரஸின் மரபுச் செய்தி சுமார் 9,700 எழுத்துகள். ஏறக்குறைய மூன்று நகலுக்கு ஒரு தப்பு! சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் தினமும் சுமார் 1,000 கோடி வைரஸ்கள் உருவாகின்றன.

தப்பு வந்தால் வைரஸுக்குத்தானே நஷ்டம்? பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஏதோ ஒரு தப்பு அந்த நொதியையே மாற்றி, மருந்து வேலை செய்யாமல் ஆக்கிவிடும். 1987-ல் வந்த ஜிடோவுடினுக்கு 1989-லேயே எதிர்ப்பு தெரிந்தது. 1995-ல் அனுமதி பெற்ற லாமிவுடினைத் தனியாகக் கொடுத்தால் சில வாரங்களே போதும். நொதியின் 184-வது இடத்தில் மெத்தியோனின் போய் வாலின் வந்தால் வைரஸ் தப்பித்துவிடும்.

ஆனால் தப்பிப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1996-ல் மார்க் வெயின்பெர்க் குழுவினர் சோதித்தபோது, மாறிய நொதி முன்பைவிடக் குறைவாகவே தப்பு செய்தது. அத்துடன் இந்த மாற்றம் உள்ள வைரஸின் பெருக்கமும் மந்தமாகிறது. ஜிடோவுடினுக்கும் அது கொஞ்சம் பணிகிறது. இருந்தாலும் வைரஸ் அத்தோடு அடங்கிவிடவில்லை. மற்ற மருந்துகளுக்கும் எதிர்ப்பைச் சம்பாதிக்க அதனால் முடிந்தது.

அதனால்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மூன்றிடமிருந்தும் தப்பிக்க வைக்கும் மாற்றங்கள் ஒரே நகலில் ஒன்றாக அமைவது மிக மிக அரிது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அந்த முதல் மையங்களில் ஒன்று. இன்று கொடுக்கப்படும் டி.எல்.டி. மாத்திரையிலும் லாமிவுடின் இருக்கிறது.

மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மறுபடி நகலெடுக்கத் தொடங்கும். அதன் ஒவ்வொரு தப்பும் அதற்கு ஒரு லாட்டரிச் சீட்டு. பரிசு விழுந்தால் நஷ்டம் நோயாளிக்கு!