துணி மறைவும் திறந்த ஏலமும்: விற்போரின் விலை எதிர்பார்ப்பு

செம்பூர்க் கடைகளுக்குரிய காய்கறி பெரிதும் வாசிப் பேரங்காடியிலிருந்தே வருகிறது. வெங்காய, உருளைக்கிழங்குச் சந்தை 1981இலும், காய்கறி, பழச் சந்தைகள் 1996இலும் பழைய பம்பாய் நகரிலிருந்து அங்குப் பெயர்ந்தன. எனினும் இட மாற்றத்தினும் விதி மாற்றமே ஆய்வுக்குரியது.

முன்னர்ப் பம்பாய் மாகாணச் சந்தைகள் பலவற்றில் தரகரும் வாங்குவோரும் துணி மறைவில் விரல் தொட்டு விலை பேசினர். தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டு போட்டுப் பேசும் வழக்கத்தை இதனோடு ஒப்பிடலாம். அயற்குவியல் என்ன விலைக்குப் போயிற்று என்பதை விற்பவர் அறியார். ஆதலின் அவர்தம் எதிர்பார்ப்பு தரகரின் சொல்லையும், சென்றமுறை கைக்கு வந்த தொகையையுமே பற்றி நின்றது. 1927, 1939ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டங்களையடுத்து வந்த 1963ஆம் ஆண்டு மகாராட்டிரச் சட்டத்தின்வழித் திறந்த ஏலமோ ஒப்பந்தப்புள்ளியோ விதியாயிற்று. கேட்ட விலை பலரறிய ஒலிக்கவே, ‘இதற்குக் குறைந்து கொடேன்’ என்னும் வரம்பை விற்பவர் தாமே வகுக்க இயன்றது.

ஆயின் அச்சட்டமே உரிமம் பெற்றோர்க்கன்றிப் பிறர்க்கு வணிக உரிமை தரவில்லை. கேட்போர் சிலராயின், வெளிப்படையான விலையும் தாழ்ந்த விலையாகலாம். அதனையே நியாய விலை என விற்பவர் நம்பிவிடுதல், மறைவிலையினும் கொடிது என்பது என் கருத்து. அழுகும் சரக்கைத் திருப்பிக் கொண்டுசெல்லவும் இயலாது.

2016இல் காய்கறி, பழங்கள் இக்கட்டுப்பாட்டினின்று விலக்கப்பெற்று, சந்தை முற்றத்திற்கு வெளியே விற்க வழி பிறந்தது. எனினும் வெளியே விற்பவரும் பேரத்தைத் தொடங்குவது வாசி விலையை வைத்தே.