மாயக்கையின் இருப்பிடம்: உறுப்பிழந்தோர் புலனுணர்வு ஆய்வின் வரலாற்றுத் தடம்

கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே உணர்கிறார்கள். அது அரிக்கிறது, மரத்துப்போகிறது, சிலருக்குப் பொறுக்க முடியாமல் வலிக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே இதை எழுதிவைத்தார். அந்த உணர்வு எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட விடை வெட்டுமுனையிலிருந்து நரம்புக்கும், நரம்பிலிருந்து மூளைக்கும் நகர்ந்தது. சிகிச்சையும் அதன் பின்னாலேயே நகர்ந்தது என்று எழுதுவது வழக்கம். நடந்தது அவ்வளவு நேரானதல்ல. இன்று பயன்படும் சிகிச்சை ஒன்று, தன்னைத் தாங்கிய விளக்கம் ஆட்டம் கண்ட பிறகும் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தத்துவஞானி டெகார்ட் 1644இல் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். கை அழுகியதால் முழங்கைவரை வெட்டி எடுத்துவிட்டார்கள். மருத்துவர் வரும்போதெல்லாம் அவள் கண்ணைக் கட்டிவிடுவார்கள். கை போன இடத்தில் துணியைச் சுற்றிவைத்திருந்தார்கள். கை போனதே தெரியாத அவள், இல்லாத விரல்களில் ஒவ்வொன்றாக வலியைச் சொன்னாள். வலி உணரப்படுவது விரலில் அல்ல, மூளையில்தான் என்பதற்கு டெகார்ட் இதைச் சான்றாக்கினார். நோயாளிக்கு இதனால் ஒரு பயனும் விளையவில்லை.

பயன் தேடிய ஆய்வு அமெரிக்க உள்நாட்டுப் போரில்தான் தொடங்கியது. பிலடெல்பியாவின் நரம்பு மருத்துவர் சைலஸ் வேர் மிட்செல் உறுப்பிழந்த வீரர்களை நூற்றுக்கணக்கில் பார்த்தவர். ஆனாலும் இதைப் பற்றி அவர் முதலில் வெளியிட்டது கட்டுரை அல்ல. 1866இல் பெயர் போடாமல் எழுதிய சிறுகதை. நான்கு உறுப்புகளையும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்ற படை மருத்துவன் தன் கதையைச் சொல்வதாக அமைந்தது அது. வாசகர்கள் உண்மை என்று நம்பி, அவனுக்காகப் பணம்கூட அனுப்பினார்கள். 1871இல்தான் மிட்செல் தன் பெயரிலேயே இந்த நிலைக்கு ‘மாய உறுப்பு’ என்று பெயரிட்டார். மறு ஆண்டு வந்த நூலில் 90 பேரின் விவரம் இருக்கிறது. 4 பேரைத் தவிர மற்ற எல்லோருக்கும் அந்த உணர்வு இருந்தது. தோளோடு கை இழந்த ஒருவருக்கு மாயக்கை மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்கூட்டிச் சொல்லாமல் அவருடைய தோள் நரம்புகளில் மின்சாரம் பாய்ச்சினார் மிட்செல். கை திரும்பிவிட்டதென்று அலறியபடி, அந்த மனிதர் வெற்றிடத்தைப் பிடிக்கப் போனார். இன்றைய நெறிக்குழு எதுவும் இச்சோதனையை அனுமதித்திருக்காது. ஆனால் நரம்பைத் தூண்டினால் இல்லாத கையை வரவழைக்கலாம் என்பதை நிறுவியது இதுதான். இன்றைய உணர்வுள்ள செயற்கைக் கையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டில் கவனம் மூளைக்குத் திரும்பியது. உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் மூளைப் புறணியில் ஓர் இடம் உண்டு என்று 1937இல் பென்ஃபீல்டும் போல்ட்ரேயும் வரைந்து காட்டினார்கள். அந்த வரைபடத்தில் கைக்கு அருகில் முகம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கை நரம்புகள் வெட்டப்பட்ட குரங்குகளின் முகத்தைத் தொட்டால் கைக்குரிய பகுதி கிளர்வதை 1991இல் டிமொத்தி பான்ஸ் குழு கண்டது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் பணியாற்றிவந்த வி. எஸ். ராமச்சந்திரன் இதை மனிதரிடம் சோதிக்க எடுத்துக்கொண்ட கருவி, காது குடையும் பஞ்சுக்குச்சி. விபத்தில் கையிழந்த பதினேழு வயது இளைஞனின் கண்ணைக் கட்டி, கன்னத்தைத் தொட்டார். கன்னத்தோடு மாயக் கட்டைவிரலையும் தொட்டதாக அவன் சொன்னான். மேலுதட்டைத் தொட்டபோது ஆள்காட்டி விரலை. முகத்தில் வழிந்த வெதுவெதுப்பான நீர் மாயக்கையிலும் வழிந்தது.

இதை அடுத்து வந்ததுதான் கண்ணாடிப் பெட்டி. மூடியில்லாத அட்டைப்பெட்டி, நடுவில் நிமிர்த்தி வைத்த ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவுதான். நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். நகம் உள்ளங்கையில் பதியும்படி இறுகிக் கிடந்த மாயக்கையைச் சிலரால் இந்தப் பிம்பத்தைப் பார்த்து விரிக்க முடிந்தது. 2007இல் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் உறுப்பிழந்தோரை மூன்று குழுக்களாகப் பிரித்து, 4 வாரம், தினமும் 15 நிமிடம் சோதித்தார்கள். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் அமர்ந்த 6 பேரில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. எண்ணிக்கை சிறியது, பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாகப் பேசவுமில்லை. என்றாலும் செலவில்லாத, தீங்கு குறைந்த பயிற்சி என்பதால் மறுவாழ்வு மையங்களில் அது நிலைத்துவிட்டது.

இதற்குள் விளக்கமும் இறுகிப்போயிருந்தது. முகத்தின் பகுதி கையின் இடத்துக்குப் பரவி வரைபடம் எவ்வளவு கலைகிறதோ அவ்வளவு வலி என்று ஹெர்டா ஃப்ளோர் குழு 1995இல் சொன்னது. கலைந்ததைக் கண்ணாடி சீராக்குகிறது என்பது பாடமானது. 2013இல் டமார் மேக்கின் குழு, உறுப்பிழந்தவர்களை ஸ்கேன் கருவிக்குள் மாயக்கையை அசைக்கச் சொன்னது. கைக்குரிய பகுதி கலையாமல் அங்கேயே இருந்தது. வலி மிகுந்தவர்களிடம் இன்னும் வலுவாகவே இயங்கியது. 2025இல் வெளிவந்த தொடர் ஆய்வில், 3 பேரை அறுவைக்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டார்கள்; வரைபடம் ஏறக்குறைய மாறவேயில்லை. மூன்று பேர் குறைவுதான். ஆனால் ஒரே மனிதரின் முன்னும் பின்னுமான பதிவு அதுவரை யாரிடமும் இருக்கவில்லை. பழைய ஆய்வுகள் ஒருவர் மூளையை இன்னொருவர் மூளையோடு ஒப்பிட்டவை என்பதால், என் தராசு புதியதன் பக்கமே சாய்கிறது. முகம் தொட்டு விரலை உணர்ந்த இளைஞனின் அனுபவம் பொய்யாகிவிடாது. அதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

வரைபடம் அழியவில்லை என்றால், செயற்கைக் கை அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். சிகாகோவில் டாட் குய்க்கன் குழு, துண்டான கை நரம்புகளை நெஞ்சுத் தசைக்குத் திருப்பிவிட்டது. செயற்கைக் கையை இயக்கும் வசதிக்காகச் செய்த அறுவை அது; நெஞ்சைத் தொட்டால் இல்லாத கையில் தொடுகை தெரிந்தது உடன் கிடைத்த வரவு. கிளீவ்லாந்தில் டஸ்டின் டைலர் குழு 2014இல், முன்கை நரம்பைச் சுற்றி மின்வாய்களைப் பொருத்தியது. கண் கட்டியிருந்தும், கையிழந்தவரால் செயற்கைக் கையைக் கொண்டு பழம் நசுங்காமல் செர்ரிக் காம்பைப் பிடுங்க முடிந்தது. தொடுகை திரும்பியபோது மாயவலியும் தணிந்தது. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வில், தண்டுவடத்தை ஒட்டிய நரம்புக் கணுவருகே உணர்விழப்பு மருந்தைச் செலுத்தியதும் கால் இழந்தவர்களின் மாயவலி தற்காலிகமாக அடங்கியது. நரம்பே மூலம் என்பார் இதைக் காட்டுகிறார்கள்; மூளையே மூலம் என்பார் கண்ணாடியைக் காட்டுகிறார்கள். இதற்கிடையே அறுவை மருத்துவர்கள் குய்க்கனின் முறையை, உறுப்பை அகற்றும் அன்றே, செயற்கைக் கை பொருத்தும் எண்ணம் இல்லாதவர்களுக்கும், வலியைத் தடுப்பதற்காகவே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.