கிராஞ்சி: வெட்டிய காடும் நட்ட மரமும்

சிங்கப்பூரின் வடமேற்கு விளிம்பில், ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்த பகுதி கிராஞ்சி. அலையாத்திக் காடு, காம்பியர் தோட்டம், ரப்பர் தோட்டம், பன்றிப் பண்ணை, நீர்த்தேக்கம் என்று இருநூறு ஆண்டுகளுக்குள் பல உருவங்கள் எடுத்த நிலம் இது. மரம் நடுதலும் மறுபயனீடும் சுற்றுச்சூழலை எந்த அளவுக்குக் காக்கும் என்பதை இதன் வரலாற்றில் காணலாம்.

19ஆம் நூற்றாண்டில் சீனத் தோட்டக்காரர்கள் ஆற்று வழியே உள்ளே சென்று காடு திருத்திக் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்பட்ட காம்பியர்ச் சாற்றை எடுக்க, இலைகளைப் பெரிய இரும்புச் சட்டிகளில் மணிக்கணக்காகக் கொதிக்க வைக்க வேண்டும். அடுப்புக்கு விறகு தந்தது சுற்றியிருந்த காடு. சில ஆண்டுகளில் மண் சத்திழக்கும், விறகும் தீரும். தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கு நகர்வார்கள். கைவிட்ட நிலத்தில் லாலாங் புல் மண்டியது. தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த நத்தானியல் கான்ட்லி 1883இல் காடுகளின் நிலை பற்றி அறிக்கை அளித்த பிறகே காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. கிராஞ்சியின் அலையாத்திக் காடு 1951ஆம் ஆண்டின் இயற்கைக் காப்பகச் சட்டத்திலும் இடம்பெற்றது. பின்னாளில் அந்தத் தகுதி நீக்கப்பட்டது.

தஞ்சோங் பகார் நிலையத்துக்கு முந்திய டேங்க் ரோடு நிலையத்திலிருந்து வடக்கே ஓடிய ரயில், 1903இல் இப்பகுதியைக் கடந்து உட்லண்ட்சை எட்டியது. அடுத்து ரப்பர் பரவியது. மலாயாவைப் போலவே இங்கும் தோட்டத்திலும் தண்டவாளத்திலும் உழைத்தவர்களில் தமிழர்கள் பலர். ரப்பரும் மரம்தான்; லாலாங் மண்டிய மேடுகள் மீண்டும் பச்சையாயின. ஆனால் ஒரே இனம் வரிசையாக நின்ற தோட்டத்தில் பழைய காட்டின் பறவைகளுக்கும் கொடிகளுக்கும் இடமில்லை.

கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி 1975இல் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. உப்புநீரை நம்பிய அலையாத்தி மரங்கள் நன்னீர் தேங்கிய இடங்களில் அழிந்தன. ஆற்றுப் படுகையில் இருந்த பன்றிப் பண்ணைகளின் கழிவு குடிநீரில் கலக்கும் என்பதால், 1970களில் அவை பொங்கோலுக்கு மாற்றப்பட்டன. கரையில் மரம் நட்டிருந்தாலும் அந்தக் கழிவு ஆற்றில்தான் இறங்கியிருக்கும்.

நாடு தழுவிய மரம் நடுதலும் இதே காலத்தில் வேரூன்றியது. பிரதமர் லீ குவான் இயூ 1963 ஜூன் 16இல் ஃபேரர் வட்டச் சந்திப்பில் மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1971 நவம்பரில் மரம் நடும் நாள் தொடங்கியது. தூங்குமூஞ்சியும் அங்சானாவும் சாலையோரங்களில் நிழல் விரித்தன. தார்ச்சாலையின் வெப்பம் தணிந்தது. நகரம் நடக்கத் தகுந்ததாயிற்று. ஆனால் சாலையோர வரிசை காட்டுக்கு ஈடாகாது.

இந்த வேறுபாடு கிராஞ்சியிலேயே வெளிப்பட்டது. 2011இல் ரயில் நின்ற பிறகு, பழைய பாதையை ஒட்டிய நிலத்தில் அல்பீசியா மரங்கள் ஓங்கி நின்றன. மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்த இனம். யாரும் நடாமல் தானே பரவியது. இதன் உயரமான கிளைகளில் கழுகினங்கள் கூடு கட்டும். உணவு வேளாண் தொழில்பேட்டைக்காக ஒதுக்கிய இந்நிலத்தில், சுமார் 4.5 ஹெக்டர் காடு உயிரினப் பன்மய ஆய்வு முடியும் முன்பே தவறுதலாக அழிக்கப்பட்டது 2021 பிப்ரவரியில் தெரியவந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான், 2030க்குள் 10 லட்சம் மரங்கள் நடும் இயக்கத்தைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கியிருந்தது. அம்மரங்கள் ஆண்டுக்கு 78,000 டன் கரியமில வாயுவை ஈர்க்கும் என்பது அரசின் மதிப்பீடு. நாடு ஆண்டுதோறும் வெளியிடுவதோ 5 கோடி டன்னுக்கும் மேல். நடும் மரங்கள் ஈர்ப்பது அதில் 0.2 விழுக்காடு கூட இல்லை.

மறுபயனீட்டின் வெற்றியும் தோல்வியும் கிராஞ்சி வழியாகவே விளங்கும். இங்குள்ள ஆலை 2003 முதல் கழிவுநீரை நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் ஆகிய படிகளில் சுத்திகரித்துப் புதுநீராக்குகிறது. தொழிற்சாலைகளே இதை அதிகம் வாங்குகின்றன. வறட்சியில் நீர்த்தேக்கங்களிலும் சேர்க்கப்படுகிறது. கழிவுநீர் முழுவதும் குழாய் வழியே வந்து சேர்வதால், பிரித்தெடுக்கும் பொறுப்பு வீட்டாரிடம் இல்லை. செலவு மின்சாரத்தில் இருக்கிறது.

வீட்டுக் குப்பையின் கதை வேறு. ஒரு காலத்தில் கரங்கூனிக்காரர்கள் வீடு வீடாகப் பழைய தாளையும் தகரத்தையும் விலைக்கு வாங்கினர். காசு வந்ததால் பொருள் சுத்தமாகப் பிரிந்து வந்தது. 2001இல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் வந்தது. அதன் நீலத் தொட்டிகளில் உணவு மிச்சமும் சேர்ந்து விழுகிறது. 2023இல் வீட்டுக் குப்பையில் 12 விழுக்காடும் நெகிழியில் 5 விழுக்காடும்தான் மறுபயனீடு கண்டன. எஞ்சியதில் பெரும்பகுதி எரிக்கப்படுகிறது. சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. அந்த இடமும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. கட்டுமானக் கழிவில் நிலை நேர்மாறு: கற்காரையும் இரும்பும் ஓரிடத்தில் மொத்தமாகக் கிடைக்கின்றன, வாங்கவும் ஆள் இருக்கிறது, ஏறத்தாழ முழுவதும் மீட்கப்படுகிறது.

நீர்த்தேக்க ஓரத்தில் உருவான 56.8 ஹெக்டர் சதுப்பு நிலம் 2016இல் பறவைகளுக்கான புகலிடமாகத் திறக்கப்பட்டது. அருகிலுள்ள மண்டாய் அலையாத்திக் காட்டையும் சேற்றுப் படுகையையும் இயற்கைப் பூங்காவாக்கும் முடிவு 2018இல் வெளியானது. இரண்டிலும் முதல் வேலை இருப்பதை அழியாமல் காத்ததே. கிராஞ்சியின் ஆற்று நீர் பண்ணைகள் அகன்றதால் காக்கப்பட்டது. எஞ்சிய அலையாத்தி வெட்டு நின்றதால் பிழைத்தது. மரம் நடுதலும் மறுபயனீடும் அத்தகைய முடிவுகளுக்குத் துணை நிற்கும். முடிவு எடுக்கப்படாத இடத்தில் அவற்றால் சேதத்தின் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுகட்ட முடியும்.